பூகோள ஆசிரியரும் பூர்வகுடிகளும்

கல்கத்தா சர்வகலாசாலையில் மனிதப் பூகோளம் போதித்த நிர்மல் குமார் போஸை, நவகாளியில் காந்தியடிகளின் காரியதரிசியாக உடன் நடந்தவர் என்றே நம்மில் பலரும் அறிவர். ஆயினும் ஒரிஸாவின் பால் லஹரா வனப்பகுதியில் ஜுவாங் பழங்குடி மக்களிடையே அவர் செய்த ஆராய்ச்சி, அந்தக் கீர்த்திக்குச் சற்றும் குறைந்ததன்று என்பது என் துணிபு. காட்டின் ஒரு பகுதியை வெட்டிச் சுட்டுப் பயிரிட்டு, பின் அதனைப் பல்லாண்டு ஓய்ந்திருக்க விட்டு வேறிடம் பெயரும் அம்மக்களின் வேளாண்மை வனக் கட்டுப்பாடுகளால் ஒடுங்கியபோது, அவர்கள் மூங்கிற்கூடை முடைந்து அண்டைக் கிராமங்களில் விற்று ஜீவிக்க நேர்ந்ததையும், அத்தொழிலின் வழியே அண்டையாரின் வழிபாட்டு முறைகளும் அவர்களிடம் வந்து சேர்ந்ததையும் 1941-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் ஆராய்ந்தார். நிலத்தோடு உறவு அறுந்தால் வயிற்றுப்பாடு மட்டுமன்றி வழிபாடும் மாறிவிடுகிறது என்னும் உண்மையை, காட்டைக் காக்க மனிதரை வெளியேற்றுவதே வழியென்போர் இன்றும் உணர்ந்தாரில்லை.

அவ்வுறவு அறாதோரின் அறிவுக்குச் சான்று, போஸ் போதித்த கல்கத்தாவின் அருகிலேயே உண்டு. ஹூக்ளி நதியின் கிழக்கே, அந்நகரின் கழிவுநீரைச் சூரிய ஒளியாலும் பாசியாலும் தெளிய வைத்து மீன் வளர்க்கும் ‘பேரி’ என்னும் குளங்கள் நிறைந்த சதுப்பு நிலம், ஏறத்தாழ 12,500 ஹெக்டேர், 2002-இல் சதுப்பு நிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையின்படி ராம்சர் தலமாயிற்று. அங்குள்ள மீனவர்களின் அனுபவ ஞானத்தை உலகறியச் செய்தவர், அவர்களிடமே பாடம் கேட்ட துருவஜோதி கோஷ் என்னும் பொறியாளர். மேற்கே ஹவுராவிலோ, சாந்தராகாச்சி ஏரிக்குப் பனிக்காலந்தோறும் சீழ்க்கைச் சிறகிகள் வருகின்றன. சுற்றுப்புறக் கழிவுநீரால் ஆகாயத்தாமரையும் தழைக்கிறது. அதை அடியோடு களைந்தால் பறவைகளுக்குத் தங்க இடமில்லை. களையாவிடின் நீந்த இடமில்லை. எவ்வளவு நீக்குவது, எவ்வளவு விடுவது என்னும் விவேகம் பாடப்புத்தகத்தில் இல்லை; நீரோடு வாழ்ந்து பழகியோரிடம் உண்டு.

நம் தமிழ்நாட்டிலும் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், ஒரு குடியின் பரம்பரை அறிவு விஷமுறிவு மருந்துக்கு ஆதாரமாகி உயிர் காக்க வல்லது என்பதை நிரூபித்திருக்கிறது. ஆகவே தமிழகக் கல்லூரிகளின் பூகோள ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்: பள்ளிக்கரணைக்கும் நீலகிரிக்கும் மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள், அங்குள்ள மூத்தோரைத் தகவல் தருவோராக அன்றி ஆசான்களாகவே மதித்து, உரிய ஊதியம் அளித்து, அவர்கள் சம்மதத்தோடு அவர்கள் பெயரையும் ஆராய்ச்சி ஏட்டின் முகப்பில் உங்கள் பெயருக்கு நிகராக அச்சிடுங்கள்.