வீட்டைத் திருப்பிக் கொடுத்த கதை

அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில், பெனிஃபிட் தெருவில் 135-ஆம் எண் வீட்டைத் தேடிப் போகிறவர்கள் அங்கே பார்ப்பது ஒரு பழைய மரவீட்டைத்தான். ஸ்டீபன் ஹாரிஸ் என்ற வணிகர் 1763 வாக்கில் கட்டிய வீடு. பார்த்தால் பயம் எதுவும் வராது. ஆனால் ஹெச்.பி. லவ்கிராஃப்ட் 1924 அக்டோபரில் எழுதிய ‘தி ஷன்ட் ஹவுஸ்’ என்ற புகழ்பெற்ற திகில் கதை பிறந்தது இந்த வீட்டை வைத்துத்தான்.

லவ்கிராஃப்ட் பிறந்து வளர்ந்த ஊர் பிராவிடன்ஸ். அவருடைய பெரியம்மா சில காலம் இதே வீட்டில் தங்கியிருந்தார். திருமணமாகி நியூயார்க்கில் குடியேறி, ஊர் நினைவில் லவ்கிராஃப்ட் தவித்துக்கொண்டிருந்த நாட்களில், நியூஜெர்சியின் எலிசபெத் நகரில் பாழடைந்த வீடு ஒன்றைப் பார்த்தார். அது பெனிஃபிட் தெரு வீட்டை நினைவுபடுத்த, கதை பிறந்தது.

வீடு நிற்பது மேட்டுச் சரிவில். அதனால் நிலவறையின் தெருப்பக்கச் சுவர் வெளியே தெரிகிறது. நடைபாதையிலிருந்தே அதற்குள் நுழையக் கதவு இருக்கிறது. கதையின் பயம் முழுவதும் இந்த அமைப்பில்தான் இருக்கிறது. உள்ளே ஈரம் ஊறிய தரை, இருட்டில் மங்கலாக ஒளிரும் பூஞ்சைக் காளான்கள், மண்ணுக்கடியில் ஏதோ ஒன்று; அதற்கும் தெருவில் போகிறவர்களுக்கும் நடுவே ஒரு கதவும் ஒரு செங்கல் சுவரும்தான். தொலைதூரத்துக் கோட்டையில் நடப்பதாக எழுதியிருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது.

அந்த வீட்டில் பேய் இருப்பதாகக் கதையில் ஊரார் சொல்வதில்லை. அங்கே குடியிருந்தவர்கள் அடுத்தடுத்துச் செத்தார்கள், ராசியில்லாத வீடு என்கிறார்கள்; ஈரத்தையும் கிணற்றுத் தண்ணீரையும் காரணம் காட்டுகிறார்கள். லவ்கிராஃப்ட் இதை ஆகாயத்திலிருந்து எடுக்கவில்லை. பிராவிடன்ஸ் இருக்கும் அதே மாநிலத்தின் எக்ஸிட்டரில் காசநோய் ஒரு குடும்பத்தையே தின்றது. தாய், மூத்த மகள், பிறகு 1892 ஜனவரியில் 19 வயது மெர்சி பிரவுன். செத்தவர்களில் யாரோதான் உயிரோடிருப்பவர்களின் உயிரை உறிஞ்சுவதாக நம்பிய ஊரார், மார்ச்சில் மெர்சியின் உடலை வெளியே எடுத்து இதயத்தை எரித்தார்கள். சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, நோயில் கிடந்த அண்ணன் எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அவனும் போய்விட்டான். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்து அப்போது பத்து வருடம் ஆகியிருந்தது. எக்ஸிட்டர் சம்பவத்தை லவ்கிராஃப்ட் தன் கதையிலேயே குறிப்பிடுகிறார்.

கதையை அவர் முடிக்கும் விதம் இன்னும் முக்கியமானது. கதைசொல்லி நிலவறையைத் தோண்டி, ஜாடி ஜாடியாக அமிலத்தைக் கொட்டி, அந்தத் தீமையை அழிக்கிறான். பிறகு வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வருகிறார்கள். காய்க்காமல் நின்ற மரங்கள் காய்க்கின்றன. இரவல் வாங்கிய வீட்டை, குடியிருக்கத் தகுந்த வீடாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார் எழுத்தாளர். ‘வியர்ட் டேல்ஸ்’ இதழ் முதலில் திருப்பி அனுப்பிய இந்தக் கதை, அவர் இறந்த 1937-ஆம் வருடம் அக்டோபரில்தான் அதே இதழில் வந்தது. வந்ததும் கதையாகவே வந்தது. உண்மைச் சம்பவம் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை.

நியூயார்க் மாநிலத்தின் அமிட்டிவில் ஊரில் நடந்தது வேறு. ஓஷன் அவென்யூ 112-ஆம் எண் வீட்டில் 1974 நவம்பர் 13 அன்று ஒரு குடும்பத்தில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் குடிவந்தவர்கள், பேய்த்தொல்லை என்று சொல்லி 28 நாளில் வெளியேறினார்கள். 1977-இல் புத்தகம், 1979-இல் திரைப்படம். புத்தகத்தின் அட்டையிலேயே ‘உண்மைக் கதை’ என்று அச்சிட்டார்கள். குடிவந்தவர்களும் தானும் மதுப் புட்டிகளோடு உட்கார்ந்து சேர்ந்து புனைந்த கதை இது என்று கொலையாளியின் வழக்கறிஞரே பின்னர் சொன்னார். அதற்குள் வேடிக்கை பார்க்கும் கூட்டம் வாசலில் குவிய ஆரம்பித்துவிட்டது. பிறகு வந்தவர்கள், தங்களுக்கு அங்கே எந்தத் தொல்லையும் இல்லை என்று சொல்லியும் பயனில்லை. வழக்குப் போட வேண்டியதாயிற்று. கடைசியில் வீட்டின் கதவு எண்ணையே மாற்றினார்கள். படத்தில் கண்களைப் போலத் தெரிந்த மாடி ஜன்னல்களையும் மாற்றினார்கள்.

திகில் கதைக்கு உண்மையான வீட்டை எடுத்துக்கொள்வதில் தப்பே இல்லை. கற்பனையை நடந்ததாகச் சாதித்து விற்பதுதான் அநியாயம். அங்கே குடியிருப்பவர்கள் நிம்மதி இழக்கிறார்கள். செத்தவர்களுக்கு இழைக்கப்பட்ட குற்றமோ வீட்டின் தலையில் ஏற்றப்படுகிறது. அமிட்டிவில்லில் செத்த ஆறு பேரில் நான்கு பேர் 9 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகள். அவர்களைக் கொன்றது மூத்த அண்ணன் ரொனால்ட் டிஃபியோ என்று 1975-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 மார்ச்சில் சாகும்வரை அவர் சிறைத்தண்டனையில்தான் இருந்தார்.