சொல்லுக்கு மெட்டு

“இதே மாதிரி வேணும். ஆனா இது மாதிரின்னு தெரியக் கூடாது.”

டெம்ப் டிராக் ஒட்டிய காட்சியை அனுப்பிவிட்டு இயக்குநர்கள் சொல்லும் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் நம் தொழிலில் இல்லை. முன்பெல்லாம் அந்த டெம்ப் டிராக்கில் ஹாலிவுட் முழங்கும். இப்போது ஜப்பானிய அனிமேஷன் படங்களின் இசை அடிக்கடி வருகிறது. சில மாதங்களுக்கு முன் எனக்கு வந்த ஒரு சிறிய படத்தின் காட்சியில் இசையமைப்பாளர் ஜோ ஹிசாயிஷியின் வால்ட்ஸ் ஒட்டப்பட்டிருந்தது. மூன்று நாள் அதையே சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் கொடுத்தது அதன் நிழலைத்தான். இயக்குநருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வால்ட்ஸ் பிறந்த கதையை அப்போதே யோசித்திருந்தால் மூன்று நாள் வீணாகியிருக்காது. அது இடம்பெற்ற ‘ஹவுலின் நகரும் கோட்டை’ படம் 2004 நவம்பரில் வெளியானது. அதற்குப் பத்து மாதம் முன்பே, அதன் கதையுலகை வைத்து ஹிசாயிஷி எழுதிய ஒரு சிம்பொனித் தொகுப்பு செக் ஃபில்ஹார்மோனிக் வாசிப்பில் தனித் தட்டாக வந்துவிட்டது. அதன் பிறகுதான் இயக்குநர் ஹயாவோ மியாசாகி ஒரு நிபந்தனை வைத்தார். நாயகி சோஃபிக்கு வயது 18. சாபத்தால் 90 வயதுக் கிழவியாகிறாள். காட்சிக்குக் காட்சி அவள் முகம் மூப்புக்கும் இளமைக்கும் இடையே போய்வருகிறது. முகம் மாறிக்கொண்டே இருப்பதால் இசையாவது ஒன்றாக இருக்கட்டும், படம் முழுக்க ஒரே மெட்டு போதும் என்றார். ஹிசாயிஷி மூன்று மெட்டுகளோடு போய், மியாசாகிக்கும் தயாரிப்பாளர் தோஷியோ சுசுகிக்கும் பியானோவில் வாசித்துக் காட்டினார். மூன்றாவதாக வாசித்த வால்ட்ஸ் தேறியது.

அந்த மெட்டைப் பியானோவில் வைத்துப் பாருங்கள். ஜி மைனர். டி, ஜி, பி ஃபிளாட், மேல் டி. கார்டின் மூன்று சுரங்களையே ஏணியாக்கி ஏறுகிறது. பிறகு படிப்படியாக இறங்குகிறது. ஒற்றை விரலால் ஒரு குழந்தையும் கண்டுபிடித்துவிடும். அந்த எளிமைதான் அதைத் தாங்குகிறது. ஹவுல் சோஃபியின் கையைப் பிடித்து, தெருக்கூட்டத்துக்கு மேலே, கூரைகளுக்கும் மேலே நடத்திக் கூட்டிப்போகும் காட்சியில் முழு ஆர்கெஸ்ட்ராவும் அதைத் தூக்கிச் சுழற்றுகிறது. வேறோர் இடத்தில் அதே மெட்டு பியானோவில் தனியாகத் தயங்கித் தயங்கி வருகிறது. சுரங்கள் மாறவில்லை. வேகமும் வாத்தியமும் ஹார்மனியும் மாறுகின்றன. சோஃபிக்கு வயது ஏறி இறங்குகிறது.

படம் வருவதற்கு முன்பே இசையை எழுதிப் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்கு ஜப்பானில் ‘இமேஜ் ஆல்பம்’ என்று பெயர். ஹிசாயிஷி இந்த வழியாகத்தான் மியாசாகியின் உலகத்துக்குள் வந்தார். 1983இல் ‘நவுசிகா’ படத்துக்கு இமேஜ் ஆல்பம் மட்டும் செய்துதரத்தான் அவரை அழைத்தார்கள். திரைப்படத் துறையில் அப்போது அவருக்குப் பெரிய பெயர் இல்லை. அந்தத் தட்டைக் கேட்ட மியாசாகியும், படத்தின் தயாரிப்பாளராக இருந்த இசாவோ தகஹாதாவும் படத்தையே அவர் கையில் கொடுத்தார்கள். 1984 மார்ச்சில் படம் வந்தது.

இமேஜ் ஆல்பம் எழுத உட்காரும்போது இசையமைப்பாளர் கையில் காட்சி இருக்காது. சில ஓவியங்கள், கொஞ்சம் ஸ்டோரிபோர்டு, அவற்றோடு இயக்குநர் எழுதித்தரும் சொற்கள். ‘இளவரசி மொனொனோகே’க்காக மியாசாகி இப்படி எழுதிக்கொடுத்த சில வரிகளே பிறகு அதன் தலைப்புப் பாடலாயின. மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று காலகாலமாக வாதிடும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது. பாடலுக்கு மட்டும் என்று நாம் ஒதுக்கிவைத்திருக்கும் அந்த உரையாடலை அவர்கள் பின்னணி இசைக்கும் நடத்துகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

அதன் விளைவு இசைக்குறிப்பில் தெரியும். காட்சியைப் பார்த்து எழுதினால் 23ஆவது வினாடியில் கட், 31ஆவது வினாடியில் கதவு தட்டும் சத்தம் என்று கிளிக் டிராக்கோடு மல்லுக்கட்ட வேண்டும். சொல்லுக்கு எழுதினால் மெட்டு தன் மூச்சை முழுதாக விட்டு, தானாக முடியும். பிறகு காட்சிக்கேற்ப வெட்டலாம். முழுத் துணியை வெட்டித் தைப்பது வேறு, ஒட்டுத் துணிகளைச் சேர்த்துச் சட்டையாக்குவது வேறு.

தொலைக்காட்சித் தொடர்களில் இதே பழக்கம் வேறு வடிவத்தில் இருக்கிறது. அங்கே ஒலி இயக்குநர் ஒரு ‘இசை மெனு’ கொடுப்பார். காலை, எதிரி நெருங்குகிறான், மெல்ல வரும் விரக்தி என்று எண் போட்ட பட்டியல். பெரும்பாலான பகுதிகளை வரைந்து முடிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் மொத்தமாகப் பதிவுசெய்துவிடுவார்கள். எந்த கியூ எந்தக் காட்சியில் போய் உட்காரும் என்று எழுதியவருக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொன்றும் முதல் இரண்டு பார்களிலேயே தான் யார் என்று சொல்லியாக வேண்டும். எங்கே வெட்டினாலும் உயிரோடு இருக்க வேண்டும். ‘நியான் ஜெனிசிஸ் இவான்ஜெலியன்’ தொடருக்கு (1995) ஷிரோ சகிசு எழுதிய, டிம்பனி அதிரும் போர் ஆயத்த இசையை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் அந்தத் தொடரின் இயக்குநர் ஹிதேயாகி அன்னோ ‘ஷின் காட்ஸில்லா’வை இயக்கியபோது, மனிதர்கள் நடித்த அந்தப் படத்தில், அதிகாரிகள் கூடித் திட்டமிடும் காட்சிகளுக்கு அதே இசை புது வடிவில் வந்து உட்கார்ந்தது. இன்னும் பின்னால் போனால், ஹிரோஷி மியாகாவா இசையமைத்த ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’ தொடர் 1974இல் வந்தது. 1977இல் அதன் இசையைச் சிம்பொனித் தொகுப்பாக்கித் தனித் தட்டாகவே வெளியிட முடிந்தது. படத்தைக் கழித்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாத இசைக்கு அது நடக்காது.

மெனு முறையைக் கண்ணை மூடிக்கொண்டு புகழவும் கூடாது. ஒரே கியூ பத்துப் பகுதிகளில் திரும்பத் திரும்ப வந்து சலிக்கும். வசனத்துக்கு அடியில் கனமான பிராஸ் போய் மாட்டிக்கொள்ளும். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பது இசையமைப்பாளர் கையில் இருக்காது. திரைப்படத்தில் அவர் கையில் அது இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹிசாயிஷி இசையமைத்த ‘லாபுடா’ நல்ல பாடம்.

1986இல் வந்த அந்தப் படம் 124 நிமிடம். அதில் இசை ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். தொடக்கத்தில் கொள்ளையர்கள் வான்கப்பலைத் தாக்கும் காட்சியே இசையில்லாமல் ஓடுகிறது. அமெரிக்க வெளியீட்டுக்காக 1999இல் ஹிசாயிஷியே படத்தின் இசையை மறுபடி எழுதினார். மூன்று நிமிடம் இசை இல்லாவிட்டால் அந்த ஊர்ப் பார்வையாளர்கள் சங்கடப்படுவார்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டதாம். இசை சுமார் 90 நிமிடமாக நீண்டது. ஒரே கை, ஒரே படம், இரண்டு இசை. இரண்டின் முதல் பத்து நிமிடத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதல் வடிவத்தில், மெட்டு வரும்போது அதற்காகக் காத்திருந்தது போல இருக்கிறது. மெட்டு தன் காலில் நின்றால், அது இல்லாத இடங்களையும் நம்பி விட்டுவிடலாம்.

இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023இல் வந்த ‘சிறுவனும் நாரையும்’ படத்துக்கு இமேஜ் ஆல்பம் இல்லை. ஏறக்குறைய முடிந்த படத்தைக் காட்டி, இனி உங்கள் பாடு என்று மியாசாகி விட்டுவிட்டார். ஹிசாயிஷி பியானோவை நடுவில் வைத்து, தன் இளமைக்கால மினிமலிச வழிக்குத் திரும்பி, சிக்கனமாக எழுதினார். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் நாற்பது ஆண்டு உரையாடல் இருந்தது. முதல் படத்தில் சந்திக்கும் இயக்குநரிடம் நமக்கு அது இருக்காது.

ஆகவே நம்மவர்களுக்கு மூன்று யோசனைகள். ஒன்று, டெம்ப் டிராக் வருவதற்கு முன் இயக்குநரிடம் சொற்களைக் கேளுங்கள்; ஒரு பக்கம் எழுதித்தரச் சொல்லுங்கள். இரண்டு, இரண்டு நிமிடத்துக்குத் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு முழு மெட்டை எழுதி, பியானோவில் நேரில் வாசித்துக் காட்டுங்கள். பியானோவில் நிற்காத மெட்டை, மணிக்கணக்கில் காசு கேட்கும் அறுபது பேர் ஸ்ட்ரிங்ஸ் வந்தாலும் நிமிர்த்த முடியாது. மூன்று, கியூ ஷீட்டில் இசை வேண்டாத இடங்களை முதலில் குறியுங்கள்.

அதே இயக்குநர் அடுத்த படத்துக்கும் வந்தார். இந்த முறை காட்சி எதுவும் அனுப்ப வேண்டாம், நாலு வரி எழுதி அனுப்புங்கள் என்றேன். சிரித்தார். இரவு வாட்ஸ்அப்பில் ஒரே வரி வந்தது: “அப்பா வராத சாயங்காலம், தெருவிளக்கு மட்டும் வந்துடுச்சு.”

படப்பிடிப்பு அடுத்த மாதம். மெட்டு தயார்.

– ஆசிரியர்