கூலி பாக்கியும் வில்லங்கமே

பூம்பாறை மலைக்கிராமத்தின் மேஸ்திரிகளும் கொத்தனார்களும் சித்தாட்களும் கம்பி வேலைக்காரர்களும் சிறு கான்ட்ராக்டர்களும் கூடி அறிவிப்பது:

பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களுக்குப் பக்கத்திலேயே இன்று காட்டேஜ்கள் எழுகின்றன. அவற்றின் சிமென்ட்டும் கம்பியும் மலையேறி வந்தவை. பல நேரம் எங்கள் பேரில் கடனாக வந்தவை. கூரை போடும்வரை பணம் வரும். டைல்ஸ் ஒட்டிச் சாவி கைமாறியதும் உரிமையாளர் போனை எடுக்க மாட்டார்.

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவுப்படி, துணி தைத்த டெய்லர் கூலி வரும்வரை சட்டையைத் தராமல் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு அது பொருந்தாது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டமோ, முழு விலை வாங்காமல் நிலம் விற்றவருக்கு அந்தச் சொத்தின்மேலேயே உரிமை தருகிறது. நிலத்தை விற்றவருக்கு உண்டு, அதில் வீட்டை எழுப்பியவனுக்கு இல்லையாம்! நாங்கள் பணத்துக்கு வழக்குப் போடலாம். தீர்ப்பு வருவதற்குள் வீடு விலைபோய்விடும். வில்லங்கச் சான்றில் எங்கள் பாக்கி ஒரு வரிகூட இராது. முன்கூட்டியே ஜப்தி கேட்கலாம்தான். ஆனால் உரிமையாளர் ஏமாற்றும் நோக்கில் சொத்தை மாற்றுகிறார் என்று கோர்ட்டை நம்பவைக்க வேண்டும். சித்தாள் எதைக் காட்டி நம்பவைப்பாள்?

வாஷிங்டன் நகரம் எழும்பிய காலத்தில், 1791இலேயே, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் கட்டியவருக்குச் சொத்தின்மேல் உரிமை தருவதைச் சட்டமாக்கியது. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் கனடாவின் ஒன்டாரியோவிலும் கட்டியவர் 60 நாளுக்குள் தன் பாக்கியை அந்தச் சொத்தின்மேல் பதியலாம்.

இங்கும் அதையே கேட்கிறோம். கெடுவுக்குள் சார்பதிவாளரிடம் பதிந்த கட்டுமானப் பாக்கி, நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வில்லங்கமாக நிற்க வேண்டும். சித்தாள் கூலி முதலில் தீர வேண்டும். பொய்க் கணக்குப் பதிபவருக்குத் தண்டனையும் வேண்டும். அரைகுறை வேலைக்கு முழுப்பணம் கேட்பவர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. சொத்து மாற்றம் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் இருப்பதால் தமிழ்நாடு சட்டமன்றமே இதைத் தொடங்கலாம்.

வீட்டைப் பூட்டிப் பணம் பிடுங்கும் வழி எங்களுடையது அல்ல. துண்டுச்சீட்டை நம்பியும் இனி வேலை எடுக்க மாட்டோம். பாக்கிக்குச் சொத்தே பொறுப்பு என்று உரிமையாளர் எழுதிப் பதிந்து தர இன்றைய சொத்து மாற்றுச் சட்டத்தின் 100ஆம் பிரிவிலேயே இடமிருக்கிறது. பெரிய வேலைக்கு அதைக் கேட்டு வாங்குவோம்.

மன்னவனூர், கவுஞ்சி மேஸ்திரிமாரே, பாக்கிக் கணக்கோடு வந்து சேருங்கள். வேலை முடிந்து 3 ஆண்டு கடந்தால் வழக்கும் நிற்காது.