வயதைக் குறைத்தால் வரன் அமையுமா?

நெதர்லாந்து நாட்டில் 2018-ம் ஆண்டு ஒரு விசித்திர வழக்கு நடந்தது. எமில் ராட்டல்பாண்ட் என்பவர் அந்நாட்டுத் தொலைக்காட்சி மூலம் பெயர் பெற்ற தன்னம்பிக்கைப் பேச்சாளர். வயது 69. தமது பிறந்த தேதியை 1949 மார்ச் 11 என்பதிலிருந்து 1969 மார்ச் 11 என்று மாற்றித் தர வேண்டும் என்று ஆர்னெம் நகர நீதிமன்றத்தில் அவர் மனுச் செய்தார். பெயரை மாற்றிக்கொள்ளலாம், பாலினத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்றால் வயதை மட்டும் ஏன் மாற்றக் கூடாது என்பது அவருடைய வாதம். அவருக்கு இருந்த குறைகளில் ஒன்று வேலை கிடைப்பதில்லை என்பது. இன்னொன்று, ‘டிண்டர்’ என்ற துணை தேடும் செயலியில் 69 என்று உண்மை வயதைப் போட்டால் பதிலே வருவதில்லை என்பது.

டிசம்பர் மாதம் தீர்ப்பு வந்தது. மனு தள்ளுபடி. இருபது வயது குறைந்தவராகத் தம்மை உணரவும் அப்படியே நடந்துகொள்ளவும் அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் வாக்குரிமை, திருமணம் முதலிய உரிமைகளும் கடமைகளும் வயதோடு பிணைந்தவை. பதிவேட்டிலிருந்து இருபது ஆண்டுகளை அழித்துவிட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உலகமெங்கும் பத்திரிகைகள் இதை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன. ஆனால் அந்த மனிதரின் குறையில் பாதி நியாயமானது. வயது வித்தியாசம் அதிகமுள்ள துணையைத் தேடும் எவருக்கும், இணையதளத்தில் விவரம் பதியும்போது முதல் தடையாக நிற்பது அந்த ஒரு கட்டம்தான்.

பத்திரிகை விளம்பரமும் இயந்திரமும்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ‘மணமகள் தேவை’ பத்தியைப் படிப்பவர், வயது, படிப்பு, உத்தியோகம், குலம், ஊர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்துவிடுவார். வயது சற்றுக் கூடுதலாக இருந்தாலும் ‘சொந்த வீடு, பொறுப்புகள் இல்லை’ என்று அடுத்த வரியில் கண்டால் ஒரு தபால் எழுதிப் பார்ப்போமே என்று தோன்றும். இணையதளத்தில் அப்படியில்லை. தேடுபவர் ‘28 முதல் 35 வரை’ என்று குறித்துவிட்டால், 36 வயதுக்காரரின் விவரம் அவர் கண்ணில் படுவதே இல்லை. படித்துப் பார்த்து வேண்டாம் என்று சொன்னால் அது ஒரு மனிதரின் முடிவு. இங்கே படிப்பதற்கு முன்பே சல்லடை வேலை செய்துவிடுகிறது. 36 என்பதை 35 ஆக்கவும் 41 என்பதை 39 ஆக்கவும் தோன்றும் ஆசைக்கு இதுவே வேர்.

பொய் சொல்வது அப்படியொன்றும் அரிதல்ல. நியூயார்க்கில் இணையதளம் வழி துணை தேடிய 80 பேரை நேரில் அழைத்து, உயரத்தையும் எடையையும் அளந்து, ஆவணத்தில் வயதைச் சரிபார்த்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. முடிவுகள் 2008-ல் வெளியாயின. இம்மூன்றில் ஏதாவது ஒன்றிலாவது பொய் சொல்லியிருந்தவர்கள் நூற்றுக்கு 81 பேர். அதிகப் பொய் எடையில். மிகக் குறைவு வயதில். எடையை அடுத்த மாதம் குறைத்துக்கொள்ளலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். வயதுக்கு அந்தச் சமாதானம் கிடையாது.

வயதை வைத்து நிறுவனங்களும் கணக்குப் போட்டிருக்கின்றன. அமெரிக்காவில் டிண்டர் தன் கட்டணச் சேவைக்கு 30 வயதுக்கு உட்பட்டவர்களிடம் மாதம் 9.99 அல்லது 14.99 டாலரும், 30-ம் அதற்கு மேலும் ஆனவர்களிடம் 19.99 டாலரும் வாங்கிற்று. இது வயதை வைத்துச் செய்யும் பாரபட்சம் என்ற வழக்கு செல்லும் என்று கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே கம்பெனியின் பெயர் அதே ஆண்டு நெதர்லாந்து வழக்கிலும் அடிபட்டது ஒரு தற்செயல்தான்.

இந்தியாவில் நிலைமை சற்று வேறு. இங்கே பெரும்பாலோர் நாடுவது திருமணத் தகவல் தளங்களை. இவை திருமணத்துக்காக மட்டுமே என்று தெளிவாக அறிவிக்க வேண்டும், பதிபவர்களிடம் அடையாளச் சான்று பெற வேண்டும் என்று மத்திய அரசு 2016-ல் அறிவுரை வெளியிட்டது. வயது வித்தியாசத்துக்கு இந்தியச் சட்டத்தில் மேல் எல்லை எதுவும் இல்லை. கீழ் எல்லை உண்டு. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று 1978-ல் நிர்ணயிக்கப்பட்டது. பெண்ணுக்கும் 21 ஆக்க 2021 டிசம்பரில் கொண்டுவரப்பட்ட மசோதா, 2024-ல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. இந்த மூன்று வருட வித்தியாசமே, மனைவி கணவனைவிட இளையவளாக இருந்தாக வேண்டும் என்ற எண்ணத்தை வளர்க்கிறது என்று சட்ட ஆணையம் 2018-ல் குறை கூறியதும் கவனிக்கத்தக்கது. பிரபலங்கள் விஷயத்தில் ஊர் இதைப் பொருட்படுத்துவதில்லை. திலீப் குமார் 1966-ல் சாயிரா பானுவை மணந்தபோது வித்தியாசம் ஏறக்குறைய 22 வருடம். டெண்டுல்கரின் மனைவி அவரைவிட ஐந்து வயதுக்கு மேல் மூத்தவர். பம்பாய் இரண்டு ஜோடிகளையும் கொண்டாடியது. தாராவியிலோ செம்பூரிலோ இருக்கும் ஒரு குமாஸ்தா இப்படி மணந்தால் ஊரிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் வரும்.

ஆனால் வெளிமாநிலத்தில் பிழைக்க வந்தவர்களிடையேதான் இந்தத் தேவை மிகுதி. இருபது வயதில் ரயிலேறி வந்து, ஊருக்குப் பணம் அனுப்பி, தங்கைகளைக் கரையேற்றி, தம்பியைப் படிக்கவைத்து நிமிரும்போது வயது நாற்பதைத் தொட்டிருக்கும். முப்பதிலேயே கணவனை இழந்து, குழந்தையோடு வேலைக்குப் போகும் பெண்களும் உண்டு. இவர்கள் விவரம் எழுதும் முறையில்தான் கோளாறு.

‘வயது தடையில்லை’ என்ற வாசகம் இவ்விவரங்களில் அடிக்கடி வருகிறது. யாருடைய வயது? எழுதியவருடையதா, வரப்போகிறவருடையதா? பத்து வயது மூத்தவர் வரலாமா, பத்து வயது இளையவர் மட்டும்தானா? படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘பார்வைக்கு இளமையாக இருப்பார்’ என்பது இன்னொன்று. உண்மை வயதுக்காக எழுதியவர் வெட்கப்படுகிறார் என்பதைத் தவிர வேறு எதையும் அது தெரிவிப்பதில்லை. பத்து வருடத்துக்கு முன் எடுத்த புகைப்படமும் இதே ரகம். முதல் சந்திப்பிலேயே வெளிப்பட்டுவிடும்.

இதற்கு மாறாக ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘வயது 43. முதல் திருமணம். தங்கைகள் இருவருக்கும் மணமாகிவிட்டது. கடன் இல்லை, தாயார் என்னுடன் இருக்கிறார். 32 முதல் 42 வரை உள்ளவர் எழுதலாம். கைம்பெண், மணவிலக்குப் பெற்றவர், குழந்தை உள்ளவர் ஆகியோருக்கும் சம்மதம்.’ இதைக் கண்டு விலகுகிறவர்கள் பலர் இருப்பார்கள். எழுதுகிற நாலு பேரும் வயதைத் தெரிந்தே எழுதுகிறவர்கள். வயது வித்தியாசம் உள்ள மணத்தில் இந்த நாலு பேர்தான் தேவை. வயதைக் குறைத்துப் பிடிக்கும் நாற்பது பேரால் பயன் இல்லை. பெண் மூத்தவராக இருந்தாலும் இதே கதைதான்; அவர் முதல் வரியிலேயே ‘என்னைவிட இளையவரும் எழுதலாம்’ என்று போட்டுவிடுவது இரு தரப்புக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

வயதோடு வருகிற கணக்கையும் எழுதிவிட வேண்டும். 45 வயதுக்காரர் 30 வயதுப் பெண்ணை மணந்து அடுத்த வருடம் குழந்தை பிறந்தால், அவர் 60-ல் ஓய்வு பெறும்போது குழந்தை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும், மனைவிக்கு வயது 45. அதன்பின் குடும்பம் நடப்பது எதைக்கொண்டு? குழந்தை வேண்டுமா, வேண்டாமா? ஓய்வுக்குப் பின் பம்பாயா, ஊரா? இந்த மூன்றுக்கும் விவரத்தில் ஒவ்வொரு வரி போதும்.

ஜாதக வயது, சர்டிபிகேட் வயது

தமிழ்க் குடும்பங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்டுக்கொடுத்த தேதி ஒன்று, ஜாதகத்தில் உள்ள தேதி வேறொன்று என்பது மூத்த தலைமுறையினரிடம் சகஜம். ராட்டல்பாண்ட் நீதிமன்றம் ஏறிக் கேட்டும் கிடைக்காதது இங்கே வாய்ப்பாடு சொல்லும் வயதில் இலவசமாகக் கிடைத்திருக்கிறது! இணையதளம் கேட்பது அடையாளச் சான்று. சம்பந்தி வீட்டார் கேட்பது ஜாதகம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், பொய்யே சொல்லாதவர்கூடப் பொய்யராகிவிடுவார். உண்மையில் பிறந்த தேதியைச் சொல்லி, ‘சான்றிதழில் ஒரு வருடம் குறைவாக உள்ளது’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

விளையாட்டாகக் குறைத்த வயது நீதிமன்றம் வரை போகக்கூடும். இந்துத் திருமணச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, எதிர்த்தரப்பினரைப் பற்றிய முக்கியமான ஒரு விஷயத்தில் மோசடி செய்து சம்மதம் பெறப்பட்டிருந்தால் அத்திருமணத்தை ரத்துச் செய்யக் கோரலாம். மோசடி தெரியவந்த ஒரு வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். தெரிந்த பின்னும் சம்மதித்துச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் கோர முடியாது. வயதை மறைத்தது அப்படிப்பட்ட முக்கிய விஷயமா என்பதை அந்தந்த வழக்கின் சங்கதிகளைக் கொண்டு நீதிபதிதான் முடிவு செய்வார். வேறொருவர் படத்தையும் பெயரையும் போட்டு ஆள் மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தனிக் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தனிமையில் இருக்கும் நடுத்தர வயதினரைக் குறிவைத்து, பழகிய சில வாரங்களிலேயே அவசரச் செலவென்று பணம் கேட்கும் கும்பல்களும் உலவுகின்றன. நேரில் பாராதவருக்குப் பணம் அனுப்பிவிட்டவர்கள் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் தர வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு.

திருமணம் முடிந்ததும் செய்ய வேண்டிய அலுவலக வேலையும் ஒன்று உண்டு. பிரம்மச்சாரியாக இருந்த காலத்தில் அண்ணன் பெயரையோ தங்கை பெயரையோ பிராவிடண்ட் பண்டுக்கு நியமனம் செய்து வைத்திருப்பவர்கள் ஏராளம். குடும்பம் இல்லாதபோது செய்த அந்த நியமனம், மணமானதும் 1952-ம் ஆண்டுத் திட்டத்தின்படி செல்லாததாகிவிடும். புதிதாக மனைவி பெயரில் எழுதிக் கொடுக்க வேண்டும். அரசு ஊழியர்கள் விஷயத்தில், ஓய்வுபெற்ற பிறகு மணந்த மனைவி என்பதற்காகக் குடும்ப ஓய்வூதியத்தை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் தீர்ப்பளித்திருக்கிறது. கணவர் வயதில் மிக மூத்தவராக இருக்கும் இடங்களில் இந்த இரண்டு காகிதங்களைப் பற்றி, பெண்ணின் பெற்றோர் கேட்பதற்கு முன்பே மாப்பிள்ளை வீட்டார் பேசிவிடுவது நல்லது.