கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடக்கலாம்

தென் இத்தாலியில், பசிலிக்காத்தா மாநிலத்தில், களிமண் குன்றின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது அலியானோ. மழை அரித்து அரித்துச் சுற்றிலும் வெளிறிய பள்ளங்கள், கூர்மையான வரப்புகள். உள்ளூர்க்காரர்கள் இவற்றைக் 'கலாங்கி' என்கிறார்கள். மண் வழுக்கிக்கொண்டே இருப்பதால் புல்லுக்குக்கூட அங்கே கால் ஊன்றுவது பெரும்பாடு.

1935இல் முசோலினி அரசு துரின் நகரத்து ஓவியர் ஒருவரை இங்கே கொண்டுவந்து விட்டது. கார்லோ லேவி. மருத்துவம் படித்துவிட்டுத் தூரிகையைப் பிடித்தவர். பாசிசத்தை எதிர்த்தது அவர் குற்றம். அப்படிப்பட்டவர்களுக்குச் சிறையைவிடச் செலவு குறைந்த தண்டனை ஒன்று இருந்தது: ரயில் எட்டாத ஊரில் இறக்கிவிட்டு, எல்லை தாண்டாதே என்று சொல்லிவிடுவது. லேவி நடந்துபோக அனுமதிக்கப்பட்ட கடைசி இடம் ஊர்க் கல்லறைத் தோட்டம்.

ஊரில் இரண்டு மருத்துவர்கள் இருந்தார்கள். குடியானவர்கள் அவர்களை நம்பவில்லை. மலேரியாவில் கிடந்தவர்களைப் பார்க்க, தொழிலை விட்ட இந்தக் கைதியைத்தான் கூப்பிட்டார்கள். மேலிடத்துக்கு அது பொறுக்குமா? வைத்தியம் பார்க்கக் கூடாது என்று தடை வந்தது.

லேவி சொல்லும் கணக்கு ஒன்று மறக்க முடியாதது. ஊரில் 1,200 பேர். அந்த ஊர்க்காரர்கள் அமெரிக்காவில் 2,000 பேர். வீட்டுச் சுவர்களில் ஒரு பக்கம் வீஜானோ மாதா, மறுபக்கம் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட். அரசருக்கும் முசோலினிக்கும் இடமில்லை. இந்த மக்களுக்கு ரோம் என்றால் வரி கேட்டு வரும் ஊர்; பணம் அனுப்பும் ஊர் நியூயார்க்.

1936இல் இத்தாலிப் படை எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவைப் பிடித்த களிப்பில் பொது மன்னிப்பு வந்தது, லேவி விடுதலையானார். இந்த ஊர் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய 'கிறிஸ்து எபோலியிலேயே நின்றுவிட்டார்' என்ற புத்தகம் 1945இல் வெளிவந்தது. அங்கத்துப் பேச்சில் கிறிஸ்தவன் என்றால் மனிதன் என்று பொருள். கடலோரத்தை விட்டு ரயிலும் சாலையும் உள்நாட்டுக்குத் திரும்பும் எபோலியைத் தாண்டி மனித வாழ்வு வந்து சேரவில்லை என்பதுதான் குடியானவர்களின் குறை.

தங்கள் வறுமையை உலகறியச் சொன்ன புத்தகம் என்று ஊர் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் இன்று அலியானோ பிழைப்பதே பெரிதும் அந்தப் புத்தகத்தால்தான். அவர் தங்கிய வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். ஜன்னல்கள் கண்களாக முறைத்துப் பார்க்கும் பழைய வீடு ஒன்றும் இருக்கிறது. கார்னிவலில் கொம்பு முளைத்த முகமூடிகள் தெருவில் ஆட்டம் போடுகின்றன. ஆகஸ்டில் கவிஞர் ஃபிராங்கோ அர்மீனியோ தொடங்கிய விழாவுக்குக் கூட்டம் வருகிறது. அது கலைந்ததும் மிஞ்சுவது ஆயிரத்துக்கும் குறைவான ஊர்ச்சனம். அதிலும் முதியவர்களே நிறைய.

அன்று வெயில் தாங்காத மதியங்களில், கல்லறைத் தோட்டத்தில் புதிதாய் வெட்டிய குழியில் இறங்கி வானத்தைப் பார்த்துப் படுத்திருப்பாராம் லேவி. அவருடைய நாய் பரோனேயும் கூடவே இருக்கும். 1975இல் ரோமில் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அந்தக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.