சுண்ணாம்பு தடவாத கலயம்

குற்றாலத்தில் சாரல் விழும் ஓர் ஆடி மாத மாலை. விடுதி அறையில் பிரானூர் பார்டரிலிருந்து வாங்கி வந்த பரோட்டாவும் நாட்டுக்கோழி வறுவலும். நடுவில் நண்பர் கொண்டுவந்த தென் பிரான்ஸ் சிவப்பு ஒயின். கிரனாஷ், சிரா, மூர்வெத்ர் என்று மூன்று திராட்சைகளின் கலவை. கிளாஸைச் சுழற்றி முகர்ந்துவிட்டு, “கோழியோட அருமையா சேரும் பாருங்க” என்றார்.

சேரவில்லை.

ஒயினில் குறையில்லை. கிரனாஷ் வெயிலில் பழுத்து இனிமையையும் ஆல்கஹாலையும் தருகிறது, சிரா நிறத்தையும் மிளகு வாசத்தையும், மூர்வெத்ர் துவர்ப்பையும் கனத்தையும். ரோஸ்மேரியும் தைமும் போட்டுச் சுட்ட ஆட்டுக்கறியின் கொழுப்பை அந்தத் துவர்ப்பு அழகாக அறுக்கும். ஆனால் அந்தச் சமையலில் நம்முடைய வற்றல் மிளகாய்க் காரம் கிடையாது. 14 சதவீத ஆல்கஹால் காரத்தின் எரிச்சலைக் கூட்டும், துவர்ப்பு அதன்மேல் கசப்பாக ஏறும். இந்தக் கோழிக்கு வேண்டியது லேசான இனிப்பும் புளிப்பும் நுரையும் உள்ள, ஆல்கஹால் குறைந்த பானம். அது நம்மிடமே இருக்கிறது. பெயர் கள்.

சொன்னதும் அறையே சிரித்தது. அந்தச் சிரிப்போடுதான் எனக்குச் சண்டை.

பிரெஞ்சு ஒயினுக்கு இன்றிருக்கும் மரியாதை மண்ணில் தானாக விளைந்ததல்ல. போலிச் சரக்கால் நொந்துபோன ஷாத்தோநெஃப்-து-பாப் விவசாயிகள், 1923இல் பாரன் லெ ருவா என்ற வழக்கறிஞரைத் தலைவராக வைத்துக்கொண்டு தங்களுக்கே விதி எழுதினார்கள். எந்த நிலம், எந்தத் திராட்சை, குறைந்தது எவ்வளவு ஆல்கஹால் என்று எல்லாம் வரையறுக்கப்பட்டது. 1936இல் அரசு அந்த ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. கலப்படம் என்ற பிரச்சினைக்கு அவர்கள் கண்ட தீர்வு தரக்கட்டுப்பாடு. நாம் கண்டது தடை.

1987இலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்குவது குற்றம். பாளையைச் சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதனி. அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கொடுத்தாயிற்று. அதே மரம், அதே பாளை, அதே பனையேறி. கலயத்தில் சுண்ணாம்பு இல்லையென்றால் மட்டும் அவர் குற்றவாளி. மாநில மரம் பனை என்று பாடப்புத்தகத்தில் வேறு எழுதி வைத்திருக்கிறோம்.

நாங்கள் பரோட்டா வாங்கிய ‘பார்டர்’ என்ற பெயரே பழைய எல்லையின் மிச்சம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. பிறகு எல்லை மலைக்கு ஏறிவிட்டது, பெயர் மட்டும் பரோட்டாவோடு தங்கிவிட்டது. இன்று புளியரை தாண்டி, கோட்டைவாசல் கடந்து கேரளத்துக்குள் போனால் கள் சட்டப்படியான தொழில். ஷாப்பில் கப்பையும் மீன்கறியும் வைத்துக் குடும்பத்தோடு சாப்பிடுகிறார்கள். இந்தப் பக்கத்துப் பனையேறி செய்த பாவம் 1956இல் கோடு நகர்ந்ததுதானா?

“அப்போ குடியை ஆதரிக்கிறீங்களா?” என்பார்கள். முழு மதுவிலக்கு கேட்பவரோடு எனக்கு வழக்கில்லை, அவர் நிலையில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் 2003 முதல் சில்லறைக் கடையை அரசே நடத்தி, 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள சரக்கை விற்றுக்கொண்டு, அதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மட்டுமே ஆல்கஹால் உள்ள கள்ளை ஆபத்து என்பதில் என்ன நேர்மை? கள்ளில் கலப்படம் நடக்கும், கேரளத்திலும் நடக்கிறது. அதற்குத்தான் சோதனையும் உரிமமும். தடை எதையும் தடுத்துவிடவில்லை. 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் செத்தது தடை அமலில் இருக்கும்போதுதான்.

எனக்குத் தோன்றும் காரணம் எளிது. காலையில் இறக்கிய கள் மறுநாளைக்குள் காடியாகிவிடும். லாரியில் ஏற்றி மாநிலம் முழுக்க விற்க முடியாது, ஆலை முதலாளிக்கும் அதில் வேலையில்லை. லாபம் மரத்தடியிலேயே நின்றுவிடுகிற ஒரு பொருளுக்காகப் பேச யார் வருவார்?

ஊர்ப்பெயரோடு, இறக்கிய நேரத்தோடு, அன்றன்றைக்கே விற்கும் உரிமத்தைப் பனையேறிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொடுங்கள். பிரான்ஸ்காரனிடம் கற்க வேண்டியது கிளாஸைச் சுழற்றுவதை அல்ல, இதைத்தான். தாமதித்தால் சட்டம் மாறும் நாளில் மரம் நிற்கும், ஏற ஆள் இருக்காது.