சிறு மீன்பிடி படகுகளுக்கு மின்சார மோட்டார்

நிலத்தின் பயிரோடு நீரின் பயிராகிய மீனையும் விருத்தி செய்யும் விவசாயிகள் நம்மில் அநேகர் உண்டு. அவர்கள் குத்தகைக்கு எடுத்த ஏரியிலோ, நீர்த்தேக்கத்திலோ ஒரு சிறு படகை வைத்துக்கொண்டு, வலை விடவும், தீனி தூவவும், தூண்டிற் கயிற்றை மெல்ல இழுத்துச் செல்லவும் உபயோகிக்கின்றனர். துடுப்பும் கோலும் பிடிக்கும் சிரமத்தைக் குறைக்கும் பொருட்டு, பாட்டரியால் ஓடும் சிறு மின்சார மோட்டார்கள் இப்போது விலைக்குக் கிடைக்கின்றன. இவற்றை வாங்கச் செல்வோர் பெரும்பாலும், "எந்த மோட்டாருக்கு வலு அதிகம்?" என்றே கேட்கின்றனர். இக்கேள்வியே நஷ்டத்துக்கு வித்து என்பது நமது அபிப்பிராயம். "எத்தனை மணி நேரம் ஓட வேண்டும்? அதற்குத் தக்க பாட்டரி எது?" என்று கேட்டுத் தெளிந்த பின்னரே மோட்டாரைத் தெரிந்தெடுப்பது சிலாக்கியம்.

மின்சாரத்தால் படகு ஓட்டுவது புதிய விஷயமன்று. 1881-ம் ஆண்டில் குஸ்தாவ் த்ரூவே என்னும் பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரத்து ஸேன் நதியில் அத்தகைய படகை ஓட்டிக் காட்டினார். மேட்டூர் அணை திறக்கப்பட்ட 1934-ம் ஆண்டிலேயே, அமெரிக்காவில் பார்கோ நகரத்து ஓ. ஜி. ஷ்மிட் என்பவர், போர்டு மோட்டார் காரைக் கிளப்பும் சிறு மோட்டாரை எடுத்து, அதில் தண்டும் விசிறியும் பொருத்தி, மீன் பிடிப்போருக்கான மோட்டாரை உண்டாக்கினார். ஜெர்மனியின் கேனிக்ஸே ஏரியில் 1909 முதல் பிரயாணிகளின் படகுகள் மின்சாரத்தாலேயே ஓடுகின்றன. அண்டையிலுள்ள கேரளத்தில், வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேர் ஏறக்கூடிய சூரியசக்திப் படகு 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. ஆகையால் மின்சாரம் படகைத் தள்ளுமோ என்ற ஐயம் வேண்டுவதில்லை. எவ்வளவு நேரம் தள்ளும் என்பதே ஆராயத் தக்கது.

ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய சக்தி சுமார் 9 யூனிட்டாகும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி அளவுள்ள பாட்டரி முழுவதிலும் அடங்கியதோ 1.2 யூனிட்டே. பெட்ரோல் யந்திரம் தன் சக்தியில் பெரும் பகுதியை உஷ்ணமாக வீணாக்குகிறது என்பது மெய். எனினும், மின்சாரப் படகில் செல்பவன் கைவசமுள்ள சக்தி சொற்பம் என்பதை ஒருபோதும் மறத்தலாகாது. சிக்கனமாய்ச் செலவிடுபவனுக்கே அது உதவும்.

வலுவைக் கணக்கிடும் முறை

இம்மோட்டார்களின் வலு குதிரைச் சக்தியில் கூறப்படுவதில்லை. தள்ளுவிசை இத்தனை ராத்தல் (பவுண்டு) என்றே குறிக்கப்படுகிறது. படகும் பாரமும் சேர்ந்த எடையில் ஒவ்வொரு 100 ராத்தலுக்கும் 2 ராத்தல் தள்ளுவிசை வேண்டுமென்பது பொதுவான கணக்கு. உதாரணமாக, படகு 150 கிலோ, ஆட்கள் இருவர் 130 கிலோ, பாட்டரி 30 கிலோ, வலையும் மீனும் 90 கிலோ ஆக மொத்தம் 400 கிலோ, அதாவது சுமார் 880 ராத்தல் என்று கொள்வோம். இதற்கு 18 ராத்தல் விசை போதும். காற்றையும் பாசியையும் உத்தேசித்து 30 ராத்தல் மோட்டார் வாங்கினால் தாராளமானது.

இதே படகுக்கு 55 ராத்தல் மோட்டார் வாங்கினால் வேகம் இரட்டிக்குமென்று எண்ணுவது தவறு. இவற்றின் விசிறிகள் மெல்லத் தள்ளுவதற்கென்றே அமைந்தவை. சிறு படகு மணிக்கு 8 கிலோமீட்டரை எட்டுவதே அரிது. மேலும், நீரில் வேகத்தை இரு மடங்காக்க ஏறத்தாழ எட்டு மடங்கு சக்தி செலவாகும். 30 ராத்தல் மோட்டார் முழு வேகத்தில் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். 55 ராத்தல் மோட்டார் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். பெரிய மோட்டாரையும் மெல்ல ஓட்டலாமே என்று சிலர் கூறுவர். அது சரியே, ஆனால் வலு கையிலிருக்கும்போது அதைச் செலவிடாதிருப்பவர் சிலரே.

ஐந்து படிகளில் வேகம் மாறும் சாதாரண மோட்டார், குறைந்த வேகத்தில் மின்சாரத்தில் ஒரு பங்கைக் கம்பிச் சுருளில் உஷ்ணமாக இழந்துவிடுகிறது. மின்னணு முறையில் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்கும் மோட்டாரில் இந்நஷ்டம் குறைவு. அதிகப்படி விலை கொடுக்க முடியுமானால், பெரிய மோட்டாருக்குக் கொடாமல் இதற்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

பாட்டரி

காரிலிருந்து கழற்றிய பாட்டரி இவ்வேலைக்கு உதவாது. அது ஒரு கணம் பலமாக இழுக்கப்படுவதற்கு அமைந்தது. நெடுநேரம் வற்றுவதைச் சகியாது. ஆழ்ந்து செலவாவதற்கென்று செய்யப்பட்ட ஈயப் பாட்டரியிலும் பாதிக்கு மேல் செலவிட்டால் ஆயுள் குறையும். ஆகையால் 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருப்பதில் 50 மட்டுமே நமக்கு உரியது. மேற்கூறிய 30 ராத்தல் மோட்டாரை அதைக் கொண்டு முழு வேகத்தில் ஒன்றரை மணி நேரம் ஓட்டுவதும் கடினம். 10 ஆம்பியர் மட்டும் இழுக்குமாறு மெல்ல ஓட்டினால் ஐந்து மணி நேரம் வரும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியில் நூற்றுக்கு 80 பங்கு வரை அச்சமின்றிச் செலவிடலாம். ஈயப் பாட்டரி 30 கிலோவுக்கு நெருங்கும்; இது 13 கிலோவுக்கு மேற்படாது. பல மடங்கு அதிகத் தடவை மின்னேற்றம் தாங்கும். முதல் விலை அதிகமே. ஆயினும் தினந்தோறும் படகு இறக்குவோருக்கு முடிவில் இதுவே மலிவாகும். வாரம் ஒரு நாள் உபயோகிப்போருக்கு ஈயமே போதும். பாட்டரிக்கு அருகிலேயே தக்க பியூஸ் அல்லது பிரேக்கரை இணைக்காமலும், மெல்லிய கம்பியைக் கொண்டும் ஓட்டுவது தீ விபத்துக்கு இடமாகும். ஈயப் பாட்டரி மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாவதால், காற்றோட்டமுள்ள இடத்திலேயே மின்னேற்ற வேண்டும்.

ஓட்டுவோர் கவனிக்க வேண்டியவை

பாரம் ஏற்றிய நிலையில் விசிறி நீர்மட்டத்துக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் கீழே அமிழ்ந்திருக்குமாறு தண்டின் நீளத்தை அளந்து வாங்குக. ஆகாயத்தாமரை மண்டிய ஏரிகளில் பாசி சுற்றாத விசிறியே ஏற்றது. தூண்டில் நரம்பு விசிறியின் அடியில் சுற்றிக்கொண்டால் அடைப்பு அறுந்து மோட்டாருக்குள் நீர் புகும். ஆகையால் அடிக்கடி விசிறியைக் கழற்றிப் பார்த்தல் அவசியம். நன்னீருக்கென்று செய்ததை உவர்நீரில் இறக்கலாகாது. பரிசலுக்கு இம்மோட்டார் பொருந்தாது. வட்டமான அடி சுழலுமேயன்றி நேராகச் செல்லாது. அலை மிகுந்த கடலுக்கும் இது ஏற்றதன்று.

யாவற்றிலும் முக்கியமானது உயிர்க் காப்பு. துடுப்பும் மிதவைச் சட்டையும் இல்லாமல் கரையை விட்டு நீங்கலாகாது. புறப்படும்போது காற்றுக்கு எதிராகச் சென்று, காற்றோடு திரும்புவதே விவேகம். நீர்த்தேக்கத்தின் நடுவில் பாட்டரி தீர்ந்து, எதிர்காற்றும் எழும்பிவிட்டால், பெரிய மோட்டாரின் பெருமை எதற்கும் பயன்படாது.

கிராம அதிகாரிகளுக்கும் கூட்டுறவுச் சங்கத்தாருக்கும் ஒன்று கூற விரும்புகிறோம். இதற்கெனக் கடனோ உதவியோ சிபாரிசு செய்கையில், மோட்டாரை மட்டும் தனியே கருதாமல், பாட்டரி, மின்னேற்றும் கருவி, கம்பி, பியூஸ், மிதவைச் சட்டை யாவும் சேர்ந்த ஒரே தொகுதியாகக் கருத வேண்டும். மோட்டாருக்குப் பணம் கொடுத்துப் பாட்டரிக்குக் கொடாதிருத்தல், மாடில்லாதவனுக்கு ஏர் கொடுத்ததை ஒக்கும். அவனோ பழைய கார் பாட்டரியைத் தேடுவான். சில மாதங்களில் மோட்டார் கொட்டகையில் கிடக்கும். கடன் மட்டும் நிற்கும். படகுகள் பல உள்ள ஏரிக்கரையில், முறைப்படி இணைப்புப் பெற்ற பொதுவான மின்னேற்றுமிடம் ஒன்று அமைத்தல் மிகவும் உபயோகமானது. பாசனப் பம்புக்கென்று பெற்ற இணைப்பை இதற்கு உபயோகித்தல் தகாது.

சிறிய மோட்டார், தக்க பாட்டரி, நிதானமான ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் நீரில் எண்ணெய் படியாது, இரைச்சலால் மீன் கலையாது, ஆளின் தோளும் இளைப்பாறும். வலுவை விரும்பி வாங்குவதற்கு முன் கணக்கைப் போட்டுப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.